இங்கதான் எங்கயோ நிக்கிறா

"பொண்ணு என்ன சட்டை போட்டிருக்கா, சொல்லுங்க. மைக்குல கூப்பிட்டுப் பார்க்கலாம்" என்றார் கண்டக்டர்.

"எல்லாரையும் மாதிரிதான் போட்டிருப்பா" என்றாள் தையல்காரம்மா. சொல்லிவிட்டு மறுபடியும் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

கண்டக்டருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சதுக்கம் முழுக்க மஞ்சள் பனியன்தான். அதில் ஒரு பெண்ணை எப்படித் தேடுவது?

எதிரே கண்ணாடி மண்டபம். உள்ளே பணக்கார நாடுகளின் மந்திரிகள் கூடியிருந்தார்கள். உலகத்தில் வறுமையை ஒழிப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆற அமர மறந்துபோனவர்கள். அதை நினைவுபடுத்தத்தான் பல நாடுகளில் இதே நேரத்தில் ஊர்வலம்.

இந்த ஊர்வலத்துக்குப் பொறுப்பு கண்டக்டர். பஸ்ஸில் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை என்று அவர் கையில் மைக்கைத் திணித்திருந்தார்கள். தையல்காரம்மாவை அவருக்கு இந்த வாரம்தான் பழக்கம். முன்வரிசையில் பிடித்திருந்த நீளமான பேனர் அவள் தைத்தது.

"பேரைச் சொல்லுங்கம்மா" என்று மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "வேணாங்க. இத்தனை பேர் முன்னாடி அவ பேரைச் சொன்னா அவளுக்குத்தான் சங்கடம்."

"சின்ன வயசு. அம்மா தேடி வந்தா வெட்கமாத்தான் இருக்கும்."

"காலையில வெறும் வயித்தோட கிளம்பிட்டா. எங்க நிக்கப் போறேன்னுகூடச் சொல்லல. இங்கதான் எங்கயோ நிக்கிறா." பேனரின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள். "இவளுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. பால் வாங்க வழியில்லாம அதைப் பறிகொடுத்தேன். அதனாலதான் இதுல சேர்ந்தேன். மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான்."

கண்டக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க. நம்ம ஆளுங்க பார்த்துக்குவாங்க" என்றார்.

"நம்ம ஆளுங்களை நெனச்சாதான் பயமா இருக்கு."

கூட்டத்தில் வயசுப் பையன்கள் நிறைய. பெண்ணைப் பெற்றவளுக்கு வேறு எந்தக் கவலை இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அவர் பேச்சை விட்டுவிட்டார். அவருக்கு அவருடைய கவலை. ஒரே ஒரு கல் பறந்தால் போதும், நாளைக்குப் பத்திரிகையில் அந்தக் கல்தான் இருக்கும். பசி இருக்காது.

வெயில் ஏறியது. மண்டபத்திலிருந்து மனு வாங்க யாராவது வருவார்கள் என்றார்கள், வரவில்லை. அரை மணியில் என்றார்கள், அதுவும் போனது. கோஷம் தேய்ந்து முணுமுணுப்பானது. தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் ஹெல்மெட்டும் கேடயமுமாக போலீஸ் வரிசை அசையாமல் நின்றது.

தையல்காரம்மா ஓரிடத்தில் நிற்கவில்லை. பின்னால் போனாள், முன்னால் வந்தாள். நடைபாதையில் பெயர்ந்த செங்கல்லை எடுத்த ஒருவனின் மணிக்கட்டைப் பிடித்து, "கீழ போடுப்பா. எதிர்ல நிக்கிறவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதான்" என்று கெஞ்சினாள். அவன் முறைத்தான், ஆனாலும் போட்டான்.

வேறு எங்கிருந்தோ ஒரு பாட்டில் பறந்தது. கேடயம் ஒன்றில் பட்டு நொறுங்கியது.

விசில் கேட்டது. தடுப்புகள் விலகின. போலீஸ் வரிசை ஓரடி முன்னால் எடுத்து வைத்தது.

"எல்லாரும் உட்காருங்க. யாரும் ஓடாதீங்க" என்று கண்டக்டர் கத்தினார். இரைச்சலில் அவர் தொண்டையே எடுபடவில்லை. இரண்டாவது பாட்டில் அவர் தலைக்கு மேலே போனது.

அப்போதுதான் பேனரைத் தாண்டித் தையல்காரம்மா நடுவில் இருந்த வெற்றிடத்துக்கு ஓடினாள்.

அவள் போலீஸைப் பார்த்து நிற்கவில்லை. போலீஸுக்கு முதுகைக் காட்டி, தன் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எறியறவன் எம்மேல எறி" என்றாள். "பசிக்குன்னு வந்தோம். அதுக்கு மட்டும் வந்த மாதிரி நடந்துக்கங்க."

ஓங்கிய கைகள் இறங்கின. முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவர். பிறகு மஞ்சள் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் அமர்ந்தன. மறுபடி விசில் கேட்க, போலீஸ் வரிசை நின்றது.

கண்டக்டர் மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

காவலர் ஒருவர் மட்டும் நிற்கவில்லை. வரிசையை விட்டு விலகி, லத்தியும் கேடயமுமாக நேராகத் தையல்காரம்மாவின் முதுகை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, பின்னாடி" என்று கூவிக்கொண்டே கண்டக்டர் ஓடினார். எட்ட முடியாது என்று ஓடும்போதே தெரிந்தது.

காவலர் அவளை நெருங்கினார். லத்தியை இடுப்பில் செருகினார். கேடயத்தை அவள் தலைக்கு மேலே குடைபோல் பிடித்தார். பிறகு ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தாழ்ந்த பெண்குரலில் கேட்டார்.

"அம்மா, காலையில பிரஷர் மாத்திரை போட்டியா, இல்லியா?"