சிரித்த மாதிரி ஒரு படம்

சிதம்பரம் போகும் கடலூர் பஸ் புதுச்சத்திரத்தில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரத்தில் நடிகை ஜெயராணி கைபேசியை மடியில் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருக்கிறாள். 'சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கம்மா' என்று சீரியல் மேனேஜர் கேட்டிருக்கிறார். எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? அந்தப் படத்துக்கு மாலை போட்டு செட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் அவளுடைய மாமியார் வேஷம் முடிந்தது. அறுபது வயதில் அடுத்த வேஷம் யார் தருவார்கள்? வெயில் அவள் வளையல்களில் ஏறி இறங்குகிறது. பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்க்கிறாள். "யக்கா, மருமவளுக்கு வெசம் வச்சது நீதான?" "நாந்தான். மிச்சம் பையில இருக்கு, வேணுமா?" அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஒரு போட்டோ எடுத்துக்கறேன், சிரிக்கா." "இந்தா, என் போன்லயும் ஒண்ணு எடு." ஜெயராணி சிரிக்கவில்லை. மூக்கு விடைக்க, நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தெரிகிற பழைய முறைப்பை முறைக்கிறாள். "ஆத்தாடி, பயமா இருக்குக்கா!" "இருக்கட்டும்." பஸ் குலுங்கிக் கிளம்புகிறது. படத்தை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, "இந்த மூஞ்சிக்கு மாலை போடட்டும், பாக்கறேன்" என்று கைபேசியைக் கவிழ்க்கிறாள், உடனே நிமிர்த்துகிறாள்.