பழைய உலாவி கூட்டிவந்த புது உலாவி

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கடையில் இருந்த கணினிக்குள் ஒரு பழைய இணைய உலாவி குடியிருந்தது. கடைக்காரி ரோஸ்லின் காலையில் வந்து திறந்ததும், அது ஓடிப்போய்க் கடல் வானிலைப் பக்கத்தின் கதவைத் தட்டும். பதினாலு வருஷமாக இதுதான் வழக்கம்.

அன்று கதவு பாதிதான் திறந்தது.

“நாளையிலிருந்து நீங்க வர முடியாது, அண்ணே,” என்றது பக்கம். “என்னைப் புதுசா மாத்திக் கட்டிட்டாங்க. பழைய உலாவிகளை உள்ளே விட்டா திருடனும் கூடவே நுழைஞ்சிடுறானாம்.”

உலாவி வாசலை விட்டு நகரவில்லை. “நீ பிறந்த புதுசுல உன் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். நாம ரெண்டு பேரும் பட்ட பாடு ஞாபகமிருக்கா?”

“மறப்பேனா? புயல் வந்த அன்னைக்கு மட்டும் நாற்பது தடவை வந்தீங்களே! ஆனா என் கையில எதுவும் இல்லை.”

“நான் போறது இருக்கட்டும். ரோஸ்லின் புருஷன் கடல்ல இருக்கான். காத்து நிலவரத்தை அவளுக்கு யார் காட்டுவா?”

“புது உலாவி ஒண்ணு இருக்கு. நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்.”

பக்கத்தில் தெரிந்த ‘புதிய உலாவியைப் பதிவிறக்கு’ என்ற பொத்தானை ரோஸ்லின் அழுத்தினாள். பழைய உலாவி மூச்சு வாங்கப் போய்ப் புதியதை அழைத்துவந்தது.

வந்தது துறுதுறுவென்று இருந்தது. “கடைக்கார அக்கா தினமும் எங்கே போவாங்க?” என்று கேட்டது.

“முதல்ல வானிலைப் பக்கம்,” என்றது பழைய உலாவி. “காத்து வேகம் போட்டிருக்கிற வரி வந்ததும் கொஞ்சம் நில்லு. அதை அவ ரெண்டு தடவை படிப்பா.”