மைதானத்து ஆடும் வெளிநாட்டு நாரையும்

கால்பந்து மைதானத்தில் மேய்கிற செவலை ஆட்டுக்கு, அங்கே விளையாடும் கிளப்பின் முதல் ரசிகன் தான்தான் என்று நினைப்பு. அது மேய்ந்து மட்டமாக்கிய புல்லில்தானே பந்து உருளுகிறது!

அன்றைக்கும் கிளப் தோற்றிருந்தது. கோல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கையிடம் ஆடு பொரிந்து தள்ளியது. "கோல்கீப்பரா அவன்? பந்து வந்தா ஒதுங்கி வழி விடுறான். நாட்டை ஆளுற மந்திரிங்களும் அப்படித்தான். வெள்ளம் வந்தா ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க."

"மந்திரிக்கு இவன் எவ்வளவோ தேவலை. வாரம் ஒரு தடவையாவது மைதானத்துக்கு வர்றான்" என்றது காக்கை.

பனிக்காலத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு நாரை ஒன்று இதைக் கேட்டுத் தலையாட்டியது. "உண்மைதான். மோசமான டீம், மோசமான நாடு."

ஆட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "யாரைப் பார்த்து என்ன பேசுற? எங்க கோல்கீப்பருக்கு இந்த மாவட்டத்துலயே ஈடு கிடையாது! இத்தனை கோடிப் பேரு வரிசையில நின்னு ஓட்டுப் போடுறோமே, உங்க ஊர்ல உண்டா?" கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. நாரை பறந்தே போய்விட்டது.

காக்கை மெல்லக் கேட்டது. "நெசமாவே நம்ம கோல்கீப்பர் அவ்வளவு கெட்டிக்காரனா?"

"அட, நீ வேற!" நெஞ்சை நிமிர்த்தியபடியே ஆடு திரும்பி வந்தது. "எங்க விட்டேன்? ஆங், அந்த விளங்காத பய..."