தலைவரின் இடது கால்

மிமிக்ரி ஞானசிகாமணி தலைவரைப் போலப் பேசிப் பேர் வாங்கியவன். குரல் மட்டும் போதாதென்று, தலைவரிடம் இல்லாத ஒன்றையும் சிரிப்புக்காகச் சேர்த்தான்: இடது காலை லேசாக இழுத்து நடப்பது. ஊரே சிரித்தது. மூன்றே மாதத்தில் தலைவர் டிவியில் இடது காலை இழுத்தபடி மேடையேறினார். அன்றிலிருந்து அவன் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

இன்று கட்சி விழாவில் முன்வரிசையில் தலைவரே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாதிரியே பண்றியாமே தம்பி, பண்ணு பாப்போம்."

ஞானசிகாமணி காலை இழுத்து நடந்தான், குரலை இறக்கிப் பேசினான். அரங்கத்தில் அதிகம் சிரித்தவர் தலைவர்தான்.

திடீரென்று அவனுக்கு நெஞ்சை அடைத்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி... யாராவது தண்ணி குடுங்க" என்றான். வாயில் வந்ததோ தலைவரின் குரல். கூட்டம் விசிலடித்தது. "ஒன்ஸ் மோர்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவன் மண்டியிட்டு நெஞ்சைப் பிசைந்தான்.

தலைவர் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். பாடம் கேட்பவரைப் போல அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை மெல்ல எழுந்து, நெஞ்சுக்குப் போனது.