நாலாவது பெடல்

"கால் ஒடிஞ்ச மனுஷனைப் பிடிச்சு வேலை வாங்குறியே, உனக்கே நல்லாருக்காடி?"

அம்மா கேட்டது மகள் காதில் ஏறவே இல்லை. கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் தலையை விட்டு, புதிதாக வந்த பெடலின் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள். இது மூன்றாவது செட்.

மூன்று வாரமாக வீட்டில் இதே கூத்து. மகளுக்குத் திடீரென்று கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஆசை. விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிக்கிற பெடல் வேண்டுமாம். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் கடையில் மாற்றிக்கொள்ளலாமாம்.

சரி, ஆசைப்பட்டவள்தானே மிதித்துப் பார்க்க வேண்டும்?

"எனக்கு ஆபீஸ் இருக்கும்மா. அப்பா வீட்ல சும்மாதானே இருக்காரு? பகல்ல அவர் ஓட்டிப் பார்க்கட்டும். சாயங்காலம் வந்து நான் கேட்டுக்கிறேன்."

சும்மா இருக்கிறவர் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் வழுக்கி இடது கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"கடைக்காரரே சொன்னாராமே? கைப்பிடின்னு ஒண்ணு இருக்காம், அதைத் திருகினாலே விமானம் திரும்புமாம். அதை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அது சரிப்படாதும்மா. கால்தான் வேணும்."

அப்பா ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். மிதித்தார். முந்தின இரண்டையும்விட இறுக்கமான பெடல் அசையவில்லை, சக்கரம் வைத்த நாற்காலி சர்ரென்று பின்னால் போனது.

மகள் ஓடிப்போய் ஒரு கயிற்றை எடுத்து வந்து நாற்காலியை மேஜைக் காலோடு கட்டினாள்.

"அடியே, அது நான் துணி காயப்போடுற கயிறு!"

"ரெண்டு நாளைக்கும்மா. அப்பா, இப்ப வலது காலை அமுக்குங்க."

"இதுலயும் அமுக்கினா இடது கால் பின்னால வருதே! இது என்ன பெடலா, சீசா பலகையா?"

"விமானத்துல அப்படித்தான்பா. ஓடுபாதையில நேரா போங்க. ஆங்... பிரேக், பிரேக்! பாதத்தோட முன்பக்கத்தை அமுக்குங்க!"

விமானம் புல்வெளியில் இறங்கி நின்றது. அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் ஒழுங்காத்தான் மிதிச்சேன். பெடல் சரியில்ல. ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டு நிக்குது, பிரேயர்ல நிக்கிற மாதிரி. மாத்து!"

முதல் செட் எண்ணெய் காணாத கதவு மாதிரி முனகியதாம். இரண்டாவது, மிதித்தால் மிதித்த மாதிரியே இல்லாமல் பஞ்சாக இருந்ததாம். இப்போது இது.

அடுத்த சனிக்கிழமை நாலாவது அட்டைப்பெட்டி வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது. அம்மா அதில் இடறி, கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள். அவ்வளவுதான். மகளின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"உன் விளையாட்டுக்கு உங்கப்பா காலா கிடைச்சுது? சுயநலம் பிடிச்சவளே!"

"மெதுவா பேசும்மா." மகள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "எனக்கு எதுக்கும்மா விமானம்? தினமும் இருநூறு தடவை கணுக்காலை அசைக்கலேன்னா கால் அப்படியே இறுகிடும்னு பிசியோதெரபி பண்ற அக்கா சொன்னாங்க. அவங்க குடுத்த ரப்பர் பட்டையை அப்பா என்ன பண்ணினாரு?"

அம்மாவுக்குத் தெரியும். 'நான் என்ன கைக்குழந்தையா?' என்று கட்டிலுக்கு அடியில் வீசியிருந்தார்.

"இந்தப் பெடல்ல பிரேக் போடுறதும் அதே பயிற்சிதாம்மா. நேத்து பக்கத்துல உட்கார்ந்து எண்ணினேன். முந்நூறைத் தாண்டிருச்சு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, அப்புறம் தொடவே மாட்டாரு."

அம்மா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். இவளையா அப்படித் திட்டினோம்?

திங்கட்கிழமை மகள் ஆபீஸுக்குப் போன பிறகு, நாலாவது பெடலை மிதித்துக்கொண்டிருந்தவரிடம் அம்மா மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏங்க, இதையாவது நல்லாருக்குன்னு சொல்லிடுங்களேன். பாவம், எத்தனை தடவைதான் கடைக்கும் வீட்டுக்கும் அலைவா?"

"நல்லாத்தான் இருக்கு. முதல்ல வந்ததே நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னது? அப்புறம் எதுக்கு இத்தனை நொட்டை சொன்னீங்க?"

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"பஸ்ல முன்சீட்ல உட்கார வச்சாலே மூணாவது வளைவுல வாந்தி எடுக்கிறவ. அவ விமானம் ஓட்டப்போறான்னா நான் நம்பிடுவேனா? எதுக்கு வாங்கினான்னு முதல் நாளே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா அவளை அலைய விட்டீங்க?"

விமானம் இறங்கி நின்றது. அவர் காலை எடுத்துக் கணுக்காலைத் தடவிக்கொண்டார்.

"ஆபீஸ் விட்டு வந்தா போனைத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. இப்ப நாலு வாரமா தினமும் ஒரு மணி நேரம் என் பக்கத்துல உட்கார்றா, சண்டை போடுறா, சிரிக்கிறா. நல்லாருக்குன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுபோகும்டி."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் மகள் உள்ளே நுழைந்ததும் வழக்கமான ஆர்வத்தோடு கேட்டாள்.

"அப்பா, இதாவது சரியா இருக்கா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எங்க சரியா இருக்கு? காலையிலேர்ந்து பார்க்கிறேன், ஒரேயடியா இழுக்குது. வேற செட் பாருடி!"