விக்கல் மாப்பிள்ளை

“மாப்பிள்ளை விக்கினாராடி?”

அக்காவைப் பெண் பார்க்க யார் வந்து போனாலும் எதிர்வீட்டு அத்தை ஜன்னல் வழியாக என்னிடம் இதைத்தான் கேட்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

வழுக்கையில் முடி வளர்க்கும் மாத்திரைக்கு ஒரே ஒரு பக்கவிளைவு. மனசுக்குப் பிடித்த பெண் எதிரே வந்தால், சாப்பிட்டவருக்கு விக்கல் எடுக்கும். முடி ஆணுக்கு லாபம், விக்கல் பெண் வீட்டுக்கு லாபம். அதனால் ஊரில் வழுக்கை வரன்களுக்குத்தான் கிராக்கி.

மங்கை அக்காவைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விக்காமலே கேசரி தின்றுவிட்டுப் போனார்கள். அந்த நாள்களில் அக்கா எதுவும் சாப்பிட மாட்டாள்.

கடைசியாக வந்த இளம்பரிதி, அக்கா காபியோடு வந்ததுமே விக்கினார். விடாமல் விக்கினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

“வேணாம்டி, நல்லா விக்கட்டும்!” என்றார் அப்பா. “வேர்க்குது பாரு, ஃபேனைக் கூட்டி வை.”

கூட்டினேன். மாப்பிள்ளையின் சுருட்டை முடி மொத்தமாக எழும்பிப் பறந்து கேசரித் தட்டில் விழுந்தது. விக்கல் அப்படியே நின்றுவிட்டது.

அக்கா அதை எடுத்து, ஒட்டியிருந்த முந்திரியைத் தட்டிவிட்டு நீட்டினாள்.

“அப்போ விக்கல் இல்லையா? வெறும் விக்குதானா?”

அவர் தலையைத் தடவினார். அக்காவின் குரல் தணிந்தது.

“நிஜமாவே மாத்திரை போட்டிருந்தா, என்னைப் பார்த்து விக்கியிருப்பீங்களா?”

அவர் அக்காவை நன்றாகப் பார்த்தார். பிறகு விக்கை வாங்கிக்கொண்டு, ஒரு விக்கல்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார்.