ஐந்தாம் மாதத்து நீலம்

முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனதும் ஓவியர் மரகதவல்லி தூரிகையைத் தூக்கிப் போட்டாள். தோசைக்கரண்டியை மணிக்கட்டில் கட்டி வண்ணத்தை வழித்துப் பார்த்தாள். பிறகு முழங்கையால் தேய்த்தாள். நாலு மாதம் கேன்வாஸ்கள் பாழாயின. ஐந்தாம் மாதம்தான் அவள் நினைத்த நீலம் படிந்தது.

கண்காட்சி நடத்துகிற சபேசன் பார்க்க வந்தார். வந்ததும், கேட்காமலே அவள் கைகளைச் செல்போனில் படமெடுக்க ஆரம்பித்தார்.

"வலியில பூத்த கலைன்னு போட்டா கூட்டம் அள்ளும்மா."

"ஓவியத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேனே, பிரமாதம்."

இந்த ஆளுக்காகவா காலையில் அரைமணி நேரம் தலைவாரினோம் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முழங்கையால் ஓவியத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"அது என்ன நிறம், சொல்லுங்க."

சபேசன் அவசரமாகச் செல்போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். எல்லாப் படத்திலும் அவள் கைகள்தான் இருந்தன.

"நிதானமாத் தேடுங்க" என்றாள் மரகதவல்லி.